வளைந்தும் கைவிடாதது

வளைவதைப் பற்றித் தமிழ் ஒரே மனத்தோடு பேசியதில்லை. யாருக்கும் தலை தாழ்த்தாதவனை வணங்காமுடி என்று சொல்லும்போது குரலில் ஒரு பெருமிதம் ஏறுகிறது. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று பிள்ளையைக் கடிந்துகொள்ளும்போது அதே வளையாமை குற்றமாகிவிடுகிறது. ஊர்க் கூட்டத்தில் ஒருவர் வளைந்து கொடுத்தார் என்றால் அது பாராட்டா பழிப்பா என்பது சொல்கிறவர் முகத்தைப் பார்த்தால்தான் தெரியும். இதைப் பேச்சுவழக்கின் குழப்பம் என்று தள்ளிவிட முடியாது. உறுதி என்பது அசையாமல் நிற்பதா, அசைந்தும் நிற்பதா என்பது அறநூல்களிலும் பக்தி மரபுகளிலும் தீராமல் கிடக்கும் கேள்வி. பணிவையும் பொறுமையையும் உயர்த்திப் பேசுகிற சமயங்களே, கொண்ட கொள்கைக்காக உயிரைக் கொடுத்தவர்களுக்குக் கோயிலும் கட்டுகின்றன. இரண்டையும் ஒருசேர மெச்சுவதில் நியாயம் உண்டா என்று தேடினால், எதிர்பாராத ஒரு பொருள் சாட்சிக்கு வருகிறது. வெல்டிங் செய்து சேர்த்த இரும்பு உத்தரம்தான் அது.

இரும்பை நாம் வலிந்து இழுத்து வருவதாக யாரும் நினைக்க வேண்டாம். தமிழே அங்கே கொண்டு விடுகிறது. பொறை என்றால் பொறுமை, பொறை என்றால் சுமை. பாரத்தையும் பொறுக்கிறோம், பிறர் பிழையையும் பொறுக்கிறோம். வள்ளுவர் பொறையுடைமைக்கு முதல் சான்றாக நிறுத்துவது தன்னைத் தோண்டுகிறவரையே தாங்கி நிற்கும் நிலத்தை. அவரே வலியறிதலில், மயில்தோகைதான் என்றாலும் அளவு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று எச்சரிக்கிறார். ஒன்று தாங்குவதன் மேன்மை, மற்றது தாங்குவதன் எல்லை. இந்த இரண்டுக்கும் நடுவில், தாங்கிக்கொண்டிருப்பது முறியும் கட்டத்தை நோக்கிப் போகும் அந்த இடைவெளியில், என்ன நடக்கிறது என்பதை அறநூல் விரிக்கவில்லை. கடந்த நூறு ஆண்டுகளாகப் பொறியியல் மிகக் கூர்ந்து பார்த்திருப்பது அந்த இடைவெளியைத்தான்.

கன்னியாகுமரி மாவட்டத்தின் மார்த்தாண்டம் மேம்பாலத்திலிருந்து தொடங்கலாம். ஏறத்தாழ இரண்டரைக் கிலோமீட்டர் நீளம், இரும்பு உத்தரங்களின்மேல் அமைந்த பாலம். 2018 இறுதியில் மக்கள் அதில் போகத் தொடங்கினார்கள். 2019 மார்ச்சில் முறைப்படி திறப்புவிழா நடந்தது. வண்டி போகும்போது பாலம் ஆடுகிறதே என்ற பேச்சு அப்போதே எழுந்துவிட்டது. அந்த அச்சத்தை அறியாமை என்று சிரித்து ஒதுக்குவது தவறு. அதற்குள் ஒரு தத்துவம் இருக்கிறது: பலமானது அசையாது, அசைவது பலமற்றது. நாஞ்சில் நாட்டில் வளர்ந்த கண்ணுக்கு இந்தத் தத்துவம் இயல்பானது, ஏனென்றால் இங்கே நிலைத்தவை எல்லாம் கல்லில் நிலைத்தவை. சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலும் திருவட்டாறு ஆதிகேசவன் கோயிலும் அசைந்ததை யார் பார்த்தார்? கடல் நடுவே 133 அடி உயரத்தில் கணபதி ஸ்தபதி எழுப்பிய வள்ளுவர், 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தபோதும் நின்ற இடத்திலேயே நின்றார்.

ஆனால் கல்லின் அசையாமைக்கு ஒரு விலை உண்டு. அதைப் பார்க்க சுசீந்திரத்தின் பிராகாரத்தில் ஒரு சுற்று நடந்தால் போதும். தூண்கள் ஏன் அவ்வளவு நெருக்கம்? கல் உத்தரத்தால் வளைய முடியாது என்பதால்தான். அமுக்கினால் கல் எவ்வளவும் தாங்கும். வளைத்தால் அதன் அடிப்பக்கம் இழுபடும், இழுபட்டால் கீறும், கீறினால் அதோடு முடிந்தது. அதனால் ஸ்தபதி சில முழத்துக்கு ஒரு தூண் நிறுத்தி, கல்லுக்கு வளைய வேண்டிய நிலைமையே வராமல் பார்த்துக்கொண்டார். வளையத் தெரியாதவர்களுக்குப் பக்கத்திலேயே ஆள் நிற்க வேண்டியிருக்கிறது என்பது மனிதர்கள் விஷயத்திலும் பொய்யில்லை. பத்மநாபபுரம் அரண்மனையின் மர உத்தரங்கள் இன்னும் சற்றுத் தாராளமானவை. மரம் தொய்யும், முனகும், முறிவதற்கு முன் சத்தம் போட்டு ஆளைக் கூப்பிடும். இந்த இரண்டு பொருள்களையும் நன்கு அறிந்திருந்த ஒரு நாட்டுக்கு மூன்றாவதாக வந்தது உருக்கு. அது கல்லைவிட வலியது, மரத்தைவிட வளைவது. அதை மதிப்பிடக் கல்லின் அளவுகோலையே எடுத்தோம்.

உருக்கின் குணத்தை எண்ணில் சொன்னால்தான் வியப்பு புரியும். கட்டுமானத்துக்குப் பொதுவாகப் பயன்படும் இந்தியத் தரமான இ250 உருக்கை இழுத்தால், மீட்டருக்கு ஏறக்குறைய ஒன்றேகால் மில்லிமீட்டர் நீளும் வரை அது மீளும். இழுப்பை விட்டால் பழைய நீளத்துக்கு வந்துவிடும். அதைத் தாண்டினால் மீளாது, இளகத் தொடங்கிவிடும். ஆனால் முறியாது. சோதனைத் துண்டு நூற்றுக்கு 23 பங்காவது நீண்ட பிறகுதான் அறுபட வேண்டும் என்பது தரவிதி. மீளும் எல்லைக்கும் முறியும் எல்லைக்கும் இடையே 180 மடங்குக்கு மேல் வித்தியாசம். அந்த நெடுந்தூரம் முழுவதும் உருக்கு இழுபட்டுக்கொண்டே இருக்கிறது, ஏந்திய பாரத்தைக் கீழே போடாமல். கட்டுரையின் வாதம் முழுவதும் இந்தக் கடைசித் தொடரில்தான் தொங்குகிறது.

இரு முனைகளும் சுவரில் இறுக்கமாகப் பதிந்த ஓர் உத்தரத்தை எடுத்துக்கொள்வோம். அதன் நீளம் முழுக்கச் சீராகப் பாரம் ஏற்றினால், நடுவில் வரும் வளைவிசையைப்போல் இரண்டு மடங்கு முனைகளில் வரும். பாரம் கூடக் கூட முனைகள்தான் முதலில் இளகும். பழைய கணக்கு முறையில் அதோடு உத்தரத்தின் கதை முடிந்ததாக எழுதிவிடுவார்கள். 1914-இல் ஹங்கேரியைச் சேர்ந்த காபோர் காசின்சி என்ற பொறியாளர் இப்படிப் பதித்த உத்தரங்களைச் சோதித்து, கதை அங்கே முடிவதில்லை என்று காட்டினார். இளகிய முனை தான் சுமந்ததைச் சுமந்தபடியே நிற்கிறது. அதற்கு மேல் வருவதைத்தான் வாங்க மறுக்கிறது. மறுத்த பங்கு, அதுவரை அரைப்பங்கு வேலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த நடுப்பகுதிக்குப் போகிறது. நடுவும் இளகிய பிறகே உத்தரம் சரியும். முனைகள் முழுதாக இளகியபோது இருந்த பாரத்தைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக அது அதற்குள் ஏற்றிருக்கும். கணக்கு எளியது. அதன் பொருள் எளியதல்ல. முனை விட்டுக்கொடுத்தது, ஆனால் கைவிடவில்லை. விட்டுக்கொடுப்பதும் கைவிடுவதும் ஒன்றுக்கொன்று பக்கத்துச் சொற்களாக நமக்குத் தோன்றுகின்றன. உத்தரத்தில் அவை எதிர்ச்சொற்கள். கல் விட்டுக்கொடுப்பதில்லை, கைவிடும் நாளில் முழுவதையும் கைவிடுகிறது, அதுவும் ஒரு நொடியில். உறுதியின் உண்மையான எதிரி வளைவு அல்ல, இந்தத் திடீர்க் கைவிடல்தான் என்பதே என் கட்சி.

இது ஏட்டுக் கணக்கு மட்டும் என்றால் நானும் தயங்கியிருப்பேன். இரண்டாம் உலகப்போரில், 1941-இல், குண்டுவீச்சுக்கு அஞ்சிய பிரிட்டனில் வீட்டுக்குள் வைத்துக்கொள்ளும் இரும்புக் கூண்டுகள் வழங்கப்பட்டன. மேலே மேசை, கீழே படுக்க இடம். மாரிசன் கூண்டு என்று பெயர். அதை வடிவமைத்த, பிற்பாடு கேம்பிரிட்ஜ் பேராசிரியரான ஜான் பேக்கர், வீடு இடிந்து மேலே விழுந்தாலும் நசுங்காத கூண்டு செய்ய முனையவில்லை. அவ்வளவு கனத்த இரும்பை வீடுவீடாகக் கொடுக்க எந்த அரசாலும் முடியாது. கொஞ்சம் நசுங்கி, அந்த நசுங்கலிலேயே இடிபாட்டின் வேகத்தைக் குடித்துவிட்டு, உள்ளே கிடப்பவருக்கு உயிர்பிழைக்க இடம் மிச்சம் வைக்கும் கூண்டைச் செய்தார். சுமார் ஐந்து லட்சம் கூண்டுகள் வீடுகளுக்குப் போயின. இடிபாட்டைத் தோண்டியபோது கூண்டு கோணியிருக்கும், ஆள் பெரும்பாலும் உயிரோடு இருப்பார்.

இனி வெல்டிங்குக்கு வருவோம்; இங்கேதான் விஷயம் ஆழம் போகிறது. மூன்று தகடுகளைச் சேர்த்து ஐ வடிவ உத்தரம் செய்யும்போது, பற்றில், அதாவது தகடுகள் சேருமிடத்தில், உலோகம் உருகி, பிறகு ஆறுகிறது. ஆறுவது சுருங்கப் பார்க்கும். பக்கத்தில் உருகாமல் கிடக்கும் தகடு அதைச் சுருங்க விடாது. விளைவாக, பற்றின் ஓரம் இளகும் எல்லையைத் தொடுமளவுக்கு இழுவிசையோடு உறைந்துபோகிறது. அதை ஈடுகட்ட, தள்ளியிருக்கும் பகுதிகள் அமுக்கத்தில் உறைகின்றன. கூட்டிப் பார்த்தால் பூஜ்யம். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு ஒன்றுமே தெரியாது. பட்டறைத் தரையில் யாரும் தொடாமல் கிடக்கும் அந்த உத்தரம், ஒரு கிலோ பாரமும் ஏற்றும் முன்பே உள்ளுக்குள் முறுகி இருக்கிறது. எஞ்சிய தகைவு என்று இதற்குப் பெயர். சைவ சித்தாந்தம் பழவினை, நுகர்வினை, ஏறுவினை என்று மூன்று பிரிக்கிறதே, அதில் பழவினையை இத்தனை துல்லியமாக நினைவூட்டும் பௌதிகப் பொருள் வேறு எனக்குத் தெரியவில்லை. உருவான விதமே உள்ளே பாரமாக உட்கார்ந்திருக்கிறது.

அந்தப் பழவினை உத்தரத்தை என்ன செய்கிறது என்பதில் ஒரு நுட்பம் உண்டு. அது இளகும் தொடக்கத்தை முன்னால் இழுத்துவிடுகிறது. ஏற்கனவே முறுகிய பகுதி, கொஞ்சம் பாரம் ஏறியதுமே எல்லையைத் தொட்டுவிடும். அமுக்கத்தில் உள்ள மெல்லிய தகடு நெளிவதற்கும் அது துணைபோகும். இந்திய விதிநூலான ஐஎஸ் 800, 2007 பதிப்பில், முழு இளகலையும் தாங்க வேண்டிய உத்தரத்தின் விளிம்புத் தகடு எவ்வளவு நீண்டிருக்கலாம் என்று சொல்லும்போது வேறுபாடு காட்டுகிறது: ஆலையில் உருட்டி எடுத்ததற்கு அதன் தடிப்பைப்போல 9.4 மடங்கு, பற்றவைத்ததற்கு 8.4 மடங்கு. பற்றவைத்தது இன்னும் கட்டை குட்டையாக இருக்க வேண்டும். இதெல்லாம் சரிதான். ஆனால் தகடு நெளியாமல், பற்று கீறாமல், உத்தரம் முழுதும் இளகும் நிலைவரை போக முடிந்தால், கடைசியில் அது தாங்கும் வளைவிசையை எஞ்சிய தகைவு ஒரு துளியும் குறைப்பதில்லை. எல்லாப் பகுதியும் இளகும்போது பழைய கணக்கு கரைந்துபோகிறது. பழவினை உத்தரத்தைச் சீக்கிரம் வளைய வைக்கிறது. இறுதி வலிமையைத் தீர்மானிப்பதில்லை. முதலில் தளர்ந்தவரைப் பலமற்றவர் என்று எழுதிவிடும் நம் அவசரத்துக்கு இது ஒரு பதில். ஆனால் அந்தப் பதில், இழுபடும் குணம் உள்ள உலோகத்துக்கு மட்டுமே செல்லும். நொறுங்கும் பொருளில் பழைய முறுகல் ஒரு கீறலைத் தேடிக்கொண்டே இருக்கும்.

இழுபடும் என்று நம்பியது நொறுங்கிய நாள் ஒன்று உண்டு. 1994 ஜனவரி 17 விடிகாலை, லாஸ் ஏஞ்சலிஸ் பக்கம் நார்த்ரிட்ஜில் நிலநடுக்கம். உத்தரத்தையும் தூணையும் பற்றவைத்து இணைத்த உருக்குக் கட்டடங்கள் எதுவும் விழவில்லை. பொறியாளர்கள் நிம்மதியாகக் கலைந்துபோக இருந்தார்கள். பிறகு சுவர்ப் பூச்சையும் தீத்தடுப்புப் பூச்சையும் உரித்துப் பார்த்தால், நூற்றுக்கும் மேற்பட்ட கட்டடங்களில் இணைப்புகள் கண்ணாடிபோல் கீறிக் கிடந்தன. பெரும்பாலும் உத்தரத்தின் கீழ்விளிம்புப் பற்றில். சரியாக ஓராண்டு கழித்து, 1995 ஜனவரி 17 அன்று ஜப்பானின் கோபே நகரிலும் உருக்கு இணைப்புகள் முறிந்தன. காரணங்கள் பல: பற்றுக்கு உருக்கிய உலோகம் கீறலைத் தடுக்கும் திறன் குறைந்தது, பற்றவைக்கும்போது அடியில் கொடுத்த பட்டையை எடுக்காமலே விட்டது கீறலுக்கு விதையாயிற்று. ஒரு காரணம் மட்டும் விசித்திரமானது. உத்தரத்தின் உருக்கு, வாக்களித்த வலிமையைவிட மிக வலியதாக ஆலையிலிருந்து வந்திருந்தது. உத்தரம் இளகியிருக்க வேண்டிய வேளையில் இளகாமல் விறைத்து நின்றது. அந்த விறைப்பின் பாரமெல்லாம் பற்றின்மேல் இறங்கிற்று. வீட்டில் ஒருவர் பிடிவாதமாக நின்றால் வேறொருவர் உடைவதுபோல.

அதன்பிறகு ஆராய்ந்து கைக்கொண்ட பரிகாரங்களில் ஒன்று, முதலில் கேட்பவரைத் திடுக்கிட வைக்கும். தூணுக்குச் சற்று விலகி, உத்தரத்தின் மேல் கீழ் விளிம்புகளை இருபுறமும் வில்போல் வெட்டி எடுத்துவிடுகிறார்கள். நாய் கடிக்கும் எலும்பின் வடிவம் வருவதால் பொறியாளர்கள் அதை நாயெலும்பு என்றே அழைக்கிறார்கள். நல்ல உத்தரத்தை வேண்டுமென்றே மெலிய வைத்தால், நிலம் நடுங்கும்போது அது அந்த மெலிந்த இடத்தில் இளகும்; பற்று தப்பிக்கும். எப்படியும் ஏதோ ஓரிடத்தில் தளரத்தான் போகிறோம் என்றால், எங்கே என்பதை முன்கூட்டித் தேர்ந்துகொள்வதே ஞானம் என்று இந்த வெட்டு சொல்கிறது. விரதங்களும் துறவும் சமயங்களில் செய்யும் வேலை இதற்கு வெகு தூரத்தில் இல்லை: உணவில், உடையில், பெருமையில் தானாக ஒன்றைக் குறைத்துக்கொண்டு, குறையக் கூடாத இடத்தைக் காப்பது. அமெரிக்க விதிகள் இதற்கு அளவும் வைத்திருக்கின்றன. மூன்று மீட்டர் உயர மாடியின் தலை 12 சென்டிமீட்டர் விலகும் அளவுக்கு இணைப்பை அங்குமிங்கும் வளைத்துச் சோதிக்க வேண்டும். அந்த நிலையிலும் உத்தரத்தின் முழு வலிமையில் ஐந்தில் நான்கு பங்காவது மிஞ்ச வேண்டும். எவ்வளவு வளைந்தாய் என்று மட்டும் கேட்டால் போதாது. வளைந்த பிறகு கையில் என்ன வைத்திருக்கிறாய் என்றும் கேட்கிறது விதி.

இதற்கு மறுப்புகள் உண்டு. முதல் மறுப்பு, இரும்புக்கு மனம் கிடையாது என்பது. இளகுவதற்கு அது முடிவெடுப்பதில்லை. அணுவரிசைகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்குவதை அறமென்று எப்படிச் சொல்வது? சொல்லவில்லை. இரும்பு வளைகிறது, ஆகவே மனிதனும் வளைய வேண்டும் என்று வாதிட்டால் அது பிழை. அதே முறையில் கல்லைக் காட்டி எதிர்க்கட்சியும் வாதிடலாம். நான் இரும்பிடம் கேட்டது கட்டளையை அல்ல, ஒரு பாகுபாட்டை. வளைவதும் முறிவதும் ஒரே கோட்டின் தொடக்கமும் முடிவும் என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தோம். அவை வெவ்வேறு வழிகள் என்று காட்டியது அது. பாகுபாடு சரியா என்பதை மனிதர் வரலாற்றில்தான் சோதிக்க வேண்டும்.

அங்கே இரண்டாவது மறுப்பு காத்திருக்கிறது. வளைந்தவர்களை யார் நினைவு வைத்திருக்கிறார்கள்? முறிந்தவர்கள்தானே வழிபடப்படுகிறார்கள்? இந்த மாவட்டத்திலேயே சான்று உண்டு. நட்டாலத்தில் 1712-இல் பிறந்த நீலகண்ட பிள்ளை, மார்த்தாண்ட வர்மாவின் அரசில் அலுவலர். குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுப் படை அதிகாரி டிலனாயின் நட்பால் கிறிஸ்தவம் அறிந்து 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1749-இல் கைதானார். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. வளையாமைக்கு இதைவிடச் சான்று வேண்டுமா? ஆனால் நடுவில் இருக்கும் மூன்று ஆண்டுகளைக் கவனிக்க வேண்டும். கைதான அன்றே அவர் முறிந்துவிடவில்லை. பதவி போயிற்று, செல்வாக்கு போயிற்று, உடம்பு சித்திரவதைக்கு ஆளானது, எருமைமேல் ஏற்றி ஊர் ஊராக அவமானப்படுத்தினார்கள் என்கிறது மரபு. அத்தனையிலும் விட்டுக்கொடுத்தவர் ஒன்றை மட்டும் கீழே வைக்கவில்லை. மூன்றாண்டு இழுபட்ட பிறகும் பாரம் கையில் இருந்தது. கல்லின் மரணம் இப்படி இராது. கல் முதல் அடியிலேயே பிளந்திருக்கும். தியாகியையும் பொறுமைசாலியையும் ஒரே வாயால் மெச்சுகிற சமயங்களின் இரட்டை மனத்துக்கு நியாயம் இங்கே இருப்பதாகவே எனக்குப் படுகிறது. இருவரும் ஏந்தியதைக் கைவிடாதவர்கள்.

மூன்றாவது மறுப்புதான் கடுமையானது; அதை விரித்துப் பார்க்காமல் இந்தக் கட்டுரைக்கு நேர்மை இல்லை. வளைவதைப் புகழ்வது யாருக்கு வசதி? வளைக்கிறவர்களுக்கு. தோண்டுகிறவரைத் தாங்கும் நிலத்தைப்போல் இரு என்ற அறிவுரை, மண்வெட்டி பிடித்தவர் வாயில் இனிக்கும். திருவிதாங்கூரின் தென்பகுதியாக இருந்த இந்த மண்ணில் அது வெறும் வாதம் அல்ல. தலைக்கு வரி, கூலியில்லா ஊழியம், பெண் மார்பை மறைத்தால் குற்றம் என்று ஏற்றிக்கொண்டே போய், தாங்குகிறார்களே என்று அதையே நியாயமாகவும் காட்டிய ஓர் ஆட்சி இங்கே நடந்தது. பழவினை என்ற சொல்லும் அந்த ஏற்றத்துக்குத் துணைநின்றது. அப்படியிருக்க, பொறுமைக்கு இரும்பிலிருந்து இன்னொரு புகழ்மாலை எதற்கு?

பொறியாளரின் விதி இங்கே அறிவுரையாளரைவிடக் கண்டிப்பானது. உத்தரத்துக்கு 180 மடங்கு இழுபடும் தூரம் உண்டு என்பது தெரிந்தும், அன்றாடப் பாரத்துக்கு அதில் ஒரு விரற்கடையும் எடுத்துக்கொள்ள அவர் அனுமதிப்பதில்லை. தினமும் ஏறி இறங்கும் சுமையில் உத்தரம் மீளும் எல்லைக்குள்ளேயே நிற்க வேண்டும். சுமை இறங்கியதும் நிமிர்ந்துவிட வேண்டும். சாதாரணத் தளத்தின் உத்தரம் ஆறு மீட்டர் நீளமென்றால் இரண்டு சென்டிமீட்டருக்குமேல் தொய்யக் கூடாது. நீளத்தில் முந்நூற்றில் ஒரு பங்கு என்பது விதி. அதற்குமேல் அது தாங்காது என்பதால் அல்ல. தாங்கும் திறன் வேறு, தாங்க வைக்கும் உரிமை வேறு. இழுபடும் குணம் பேரிடருக்கான சேமிப்பு. அதை அன்றாடச் செலவுக்கு எடுக்கிறவர் பாலத்தை ஏமாற்றுகிறார். திருவிதாங்கூர் ஆட்சி செய்தது அதுதான்: மக்களின் பேரிடர்ச் சேமிப்பைத் தினவரியாக வசூலித்தது.

சுமந்தவர்களும் அதைப் பொறுமை என்று ஏற்றுக்கொண்டு கிடக்கவில்லை. 1820-களில் தொடங்கிய தோள்சீலைப் போராட்டம் அலையலையாக எழுந்து 1859 ஜூலை 26 அரச அறிவிப்பு வரை நீண்டது. அந்த அறிவிப்பிலும் உயர்சாதிப் பெண்களைப்போல் உடுத்தக் கூடாது என்ற முள் இருந்தது. இத்தனை ஆண்டுகளில் துணி கிழிக்கப்பட்டது, வீடுகள் எரிந்தன, உத்தரவுகள் மாறி மாறி வந்தன. பெண்கள் தோளில் போட்டதை நிரந்தரமாக இறக்கிவிடவில்லை. இதே காலத்தில் சாமித்தோப்பில் வாழ்ந்த அய்யா வைகுண்டர் பொறுமையைப் பெரிய தர்மமாகக் கற்பித்தவர். அவரே, தலைப்பாகை கட்டும் உரிமை மறுக்கப்பட்டிருந்தவர்களைத் தலைப்பாகை கட்டிக்கொண்டே இறைவன் முன் நிற்கச் சொன்னார். எல்லாச் சாதிக்கும் ஒரே கிணற்றை வைத்தார். பொறுமையும் தலைப்பாகையும் முரண்பட்ட போதனைகள் என்று படுகிறவருக்கு, விட்டுக்கொடுத்த முனையை மறுபடி காட்டலாம். வாங்கியதைக் கீழே போடாது, அதற்குமேல் வாங்காது. காசின்சி கண்டது முனையின் பணிவை மட்டும் அல்ல, அதன் மறுப்பையும்தான்.

ஒரு குறை மிச்சம் இருக்கிறது. அதை ஒளிக்க முடியாது. இழுபடும் குணம் எல்லாவற்றிலிருந்தும் காக்காது. மீளும் எல்லைக்குள்ளேயே நிற்கும் சிறு பாரமும் லட்சக்கணக்கான தடவை ஏறி இறங்கினால், பற்றின் ஓரத்தில் மயிரிழைக் கீறல் விழும். அது வளராமல் இருப்பதுபோல் இருந்து ஒருநாள் வளர்ந்துவிடும். தொய்வு தெரியாது, முனகல் கேட்காது. நார்த்ரிட்ஜ் நடந்த அதே 1994-இல், அக்டோபர் 21 காலை, சோல் நகரின் சோங்சு பாலத்தில் ஒரு துண்டு அப்படியே ஆற்றில் விழுந்து 32 பேர் இறந்தார்கள். பாலத்துக்கு வயது 15. நிலநடுக்கம் எதுவும் இல்லை. பள்ளிக்கும் வேலைக்கும் போகிற நேரம். குறைபட்ட பற்றுகள்மேல் தினமும் ஓடிய வண்டிகள், ஏறிப் பார்க்க வேண்டியவர்கள் பார்க்காமல் விட்ட ஆண்டுகள். பெரிய துன்பத்தில் வளைந்து தப்பிக்கிறவர், அன்றாடச் சிறுமையில் சத்தமின்றி முறிவதும் இப்படித்தான் நடக்கிறது. பொறுமையின் புகழ்பாடிகளுக்கு இந்த இடத்தில் சொல்வதற்கு ஒன்றுமில்லை. இங்கே வேண்டியது விளக்கோடு அடியில் போய்ப் பற்று பற்றாகப் பார்க்கிற ஆள்.

ஆகவே மார்த்தாண்டம் பாலம் ஆடுகிறதே என்று அஞ்சியவர்கள் அந்த ஆட்டத்துக்கு அஞ்ச வேண்டாம். ஆடுவது இரும்புப் பாலத்தின் இயல்பு. கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. கேரளத்துக்குக் கல்லேற்றிப் போகும் லாரிகள் அளவோடுதான் ஏற்றியிருக்கின்றனவா, பாலத்தின் பற்றுகளை யார், எப்போது பார்க்கிறார்கள் என்று கேளுங்கள். ஐஎஸ் 800 விதிநூல் பற்றுகளை நடத்தும் விதத்தில் இதற்கு ஒரு கணக்கும் இருக்கிறது. பட்டறை நிழலில், தோதான நிலையில் வைத்துப் போட்ட பற்றின் வலிமையை 1.25-ஆல் வகுத்துக்கொள் என்கிறது. வெயிலிலும் காற்றிலும் அந்தரத்தில் தொங்கிக்கொண்டு போட்ட பற்றை 1.50-ஆல் வகுக்கச் சொல்கிறது. உலோகம் ஒன்றுதான், அளவும் ஒன்றுதான். கடினமான இடத்தில் உருவானதன்மேல் பாரம் குறைவாகவே ஏற்ற வேண்டும்.